மதுரை வெயிலில் கிறிஸ்துமஸ் சுகர் குக்கி: மாவு பிசைவது முதல் ஐசிங் காய்வது வரை

சுகர் குக்கி செய்முறை எதை எடுத்தாலும் ‘அறை வெப்பத்தில் இருக்கும் வெண்ணெய்’ என்றுதான் ஆரம்பிக்கும். அந்தச் செய்முறை எழுதப்பட்ட ஊரில் டிசம்பர் மாதம் வீட்டுக்குள் 18, 20 டிகிரி இருக்கும். மதுரையில் டிசம்பர் பகல் 30 டிகிரியை ஒட்டிப் போகும். விடியற்காலையில்தான் 21, 22க்கு இறங்கும். காலை பத்து மணிக்கு வெண்ணெயை மேடையில் எடுத்து வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போனால், திரும்பி வரும்போது ஓரமெல்லாம் பளபளத்து எண்ணெய் விட்டிருக்கும். அந்த வெண்ணெயில் பிசைந்த மாவில் நட்சத்திரம் வெட்டினால், ஓவனுக்குள் ஐந்து முனையும் கரைந்து வட்டமாக வெளியே வரும்.

அதனால் நம் ஊரில் இதற்கு இரண்டு விஷயம் பிடிபட்டால் போதும். சுடுகிற நிமிடம் வரை மாவு குளிர்ந்திருக்க வேண்டும். சுட்ட பிறகு மேலே போடும் சர்க்கரைப் பூச்சு, அதாவது ஐசிங், ஈரம் போகக் காய வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

பூர்வீகம் பற்றி ஒரு வார்த்தை. 1700களின் நடுவில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரில் குடியேறிய மொரேவியச் சபையினர் (ஒரு புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவினர்) செய்த வெண்ணெய் பிஸ்கட்டிலிருந்து சுகர் குக்கி வந்ததாக அங்கே சொல்வார்கள். அதே சபையினர் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, பக்கத்தில் பொறையாறில் தோட்டம் போட்டு 1803 வரை இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஆனாலும் நம் கிறிஸ்துமஸ் தட்டில் நிலைத்தது முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் கல்கலும்தான். சுகர் குக்கி பின்னால் வந்த விருந்தாளி. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதலில் கை போவது இப்போது இதற்குத்தான்.

எந்த நாளில் எந்த வேலை

நள்ளிரவுத் திருப்பலிக்கோ அதிகாலை ஆராதனைக்கோ போய் வந்து 25ஆம் தேதி காலையில் தட்டு கொடுக்க வேண்டுமென்றால், 22ஆம் தேதி மாலையே தொடங்கிவிடுங்கள். 22 மாலை மாவு பிசைந்து, தேய்த்து, ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். 23 விடியற்காலையில் சுடலாம். அன்று மாலை ஐசிங்கின் அடிப்பூச்சு. 24 காலையில் மேல்வேலை. மதியத்திலிருந்து அப்படியே காய விட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் ஈர ஐசிங்கைத்தான் டப்பாவில் அடுக்க வேண்டி வரும்.

இரண்டு விஷயத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு உங்கள் பகுதிக்கு எந்த நாள்? அன்று காலையிலிருந்து மதியம் வரையாவது கரண்ட் இருக்காது. ஓவனும் போச்சு, ஃபிரிட்ஜும் போச்சு, ஃபேனும் போச்சு. இன்னொன்று, வீடு வீடாக வந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் உங்கள் தெருவுக்கு வரும் இரவு. அன்று கூடத்து மேசை உங்களுக்குக் கிடைக்காது.

சாமான்கள்

ஆறு சென்டிமீட்டர் அகல அச்சில் வெட்டினால் இந்த அளவுக்கு 40 குக்கி வரை வரும்.

உப்பில்லாத வெண்ணெய் – 200 கிராம்
பொடித்துச் சலித்த சர்க்கரை – 160 கிராம்
முட்டை – 1 (முட்டை வேண்டாம் என்றால் குளிர்ந்த பால் 3 மேசைக்கரண்டி)
மைதா – 350 கிராம்
கார்ன்ஃபிளவர் – 30 கிராம்
உப்பு – அரைத் தேக்கரண்டி
வெனிலா எசென்ஸ் – 1 தேக்கரண்டி, அல்லது ஏலக்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி

சமையல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கப் கணக்கில் மைதாவை அமுக்கி அள்ளுவதற்கும் தூவி அள்ளுவதற்கும் கப்புக்கு 30 கிராம் வரை வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தில் குக்கி ஒருநாள் கல்லாகும், ஒருநாள் பரவும்.

வெண்ணெய்க்கு ஆவின் சமையல் வெண்ணெய் நன்றாகவே இருக்கிறது. அதில் உப்பு இல்லை. உப்புப் போட்ட டேபிள் பட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் அதையே போடுங்கள், தனியாக உப்புச் சேர்க்காதீர்கள். தயிர்க்காரம்மா கொண்டுவரும் வெள்ளை வெண்ணெய்க்கு மணம் அதிகம், ஆனால் நீரும் மோரும் அதிகம். அந்த நீர் மைதாவோடு சேர்ந்தால் மாவு சவ்வு பிடிக்கும், குக்கி கடினமாகும். அதை நெய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். டால்டா வெயிலைத் தாங்கும் என்பது உண்மைதான். சாப்பிட்ட பிறகு அண்ணத்தில் மெழுகாகப் படியும். பண்டிகைப் பலகாரத்தில் அதைச் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை.

சர்க்கரையைப் பொடித்தே போட வேண்டும். நம் கடைச் சர்க்கரை பருமன். முழுசாகப் போட்டால் வெண்ணெயில் கரையாமல் நின்று, சூட்டில் தனியாக இளகி, குக்கியைப் பரவ வைக்கும். மேலே புள்ளி புள்ளியாகப் பழுப்பும் விழும். மிக்ஸியில் பொடித்ததும் சூடாக இருக்கும், ஆறவிட்டுச் சலித்துக்கொள்ளுங்கள். பேக்கிங் பவுடரும் சோடா உப்பும் இந்தக் குக்கிக்கு வேண்டாம். குக்கி உப்பி எழுந்தால் அச்சின் வடிவம் போய்விடும்.

வெனிலா வழக்கம்தான். ஆனால் ஏலக்காய் வியாபாரத்துக்கே பேர்போன போடிநாயக்கனூர் பக்கத்தில் இருக்கும்போது, தோல் நீக்கிப் புதிதாக இடித்த ஏலக்காயைப் போட்டுப் பாருங்கள். கூடவே ஒரு சிட்டிகை சுக்கு. வெண்ணெயோடு அது சேரும்போது வரும் வாசனை எசென்ஸ் பாட்டிலில் கிடைக்காது.

மாவு சேர்ப்பது

வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். நம் ஊரில் பத்து நிமிடம் வெளியே இருந்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஐந்து நிமிடம் திரும்ப உள்ளே வையுங்கள். பாத்திரமும் எவர்சில்வராக இருக்கட்டும். அதையும் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது.

வெண்ணெயும் சர்க்கரைப் பொடியும் ஒன்றாகி வெளுக்கத் தொடங்கும் வரை மரக்கரண்டியால் அடியுங்கள். அடிக்கும் மின்கருவி (பீட்டர்) வைத்திருப்பவர்கள் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை. கேக்குக்கு அடிப்பதுபோல் நுரைக்க அடிக்க வேண்டாம். காற்று புகுந்தால் ஓவனில் உப்பி எழுந்து, வெளியே வந்ததும் அமுங்கி, மேற்பரப்பு மேடுபள்ளமாகிவிடும். அதன் மேல் ஐசிங் சமமாக நிற்காது.

இனி முட்டையும் எசென்ஸும். முட்டை விழுந்ததும் கலவை திரிந்ததுபோல் தெரியலாம். மைதா சேர்ந்ததும் சரியாகிவிடும். மைதா, கார்ன்ஃபிளவர், உப்பு மூன்றையும் சேர்த்துச் சலித்து, மூன்று தடவையாகப் போட்டுக் கரண்டியாலேயே கலந்து வாருங்கள். கடைசியில் மட்டும் கையை வையுங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. மைதாவின் பசை இறுகுவது ஒருபக்கம், கைச்சூட்டில் வெண்ணெய் உருகுவது இன்னொருபக்கம். மாவு பாத்திரத்தின் ஓரத்தை விட்டுத் திரண்டு வந்ததும் நிறுத்துங்கள். கிள்ளிப் பார்த்தால் கையில் ஒட்டாமல் மெத்தென்று வர வேண்டும். உதிர்ந்தால் பால் ஒரு தேக்கரண்டி. ஒட்டினால் முதலில் பதினைந்து நிமிடம் குளிரவைத்துப் பார்த்துவிட்டு, அப்புறமும் ஒட்டினால் மட்டும் மைதா.

முதலில் தேய்ப்பு, பிறகு குளிர்

வெளிநாட்டு முறையில் மாவை உருண்டையாக ஒரு மணி நேரம் குளிரவைத்துப் பிறகு தேய்ப்பார்கள். இங்கே அப்படிச் செய்தால் உருண்டையின் நடுப்பகுதி இளகித் தேய்க்க வரும் நேரத்தில் ஓரம் கொழகொழத்துவிடும். மாற்றிச் செய்யுங்கள். பிசைந்த கையோடு மாவை மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு பேக்கிங் பேப்பருக்கு நடுவே வைத்துத் தேய்த்து, தட்டோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மெல்லிய தகடாக இருப்பதால் சீக்கிரம் குளிரும், மறுநாள் காலையில் எடுத்ததும் வெட்டலாம், பலகையில் மைதா தூவும் வேலையும் இல்லை. தூவிய மைதா குக்கியின் மேல் வெள்ளையாக நிற்பதும், மாவை வறட்டுவதும் இதில் இல்லை.

கனம் அரை சென்டிமீட்டர். இது எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே தட்டில் சில கருகி சில வேகாமல் வராது. மரக்கடையில் ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு ரீப்பர் துண்டு வாங்கி, தேய்த்துச் சுத்தம் செய்து, மாவின் இரண்டு பக்கமும் தண்டவாளமாகப் போட்டு அதன் மேல் சப்பாத்திக்கட்டையை ஓட்டுங்கள். கட்டை அதற்குக் கீழே இறங்காது. பிள்ளைகள் தேய்த்தாலும் கனம் மாறாது.

பட்டர் பேப்பர் என்று கடையில் கேட்டால் சில நேரம் ஸ்வீட் பொதியும் மெல்லிய எண்ணெய்த்தாளைக் கொடுத்துவிடுவார்கள். தேய்ப்பதற்கு அது சரி. ஓவனுக்குள் அதை வைக்காதீர்கள், புகையும். ஓவன் தட்டில் விரிக்க, வெப்பம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் பேக்கிங் பேப்பர்தான் வேண்டும்.

வெட்டுவது

விடியற்காலை ஐந்து மணி இதற்கு அருமையான நேரம். மார்கழி பிறந்திருக்கும், கடப்பாக்கல் மேடை தொட்டால் சில்லென்றிருக்கும். கொஞ்சம் பிந்திவிட்டது என்றால் ஐஸ்கட்டியைப் பையில் போட்டு மேடையில் பத்து நிமிடம் பரப்பி வைத்து, எடுத்துவிட்டு ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்துக்கு ஒரு தகடு மட்டும் வெளியே வரட்டும். மேல்தாளை உரித்து, திருப்பிப் போட்டு மறுதாளையும் ஒருமுறை உரித்துத் தளர்த்தி, அப்புறம் வெட்டுங்கள். அச்சை மைதாவில் தொட்டு நேராக அமுக்கி நேராகத் தூக்க வேண்டும். திருகினால் முனை மழுங்கும். வெட்டியதைச் சுற்றியுள்ள மாவை முதலில் எடுத்துவிட்டு, குக்கியைத் தாளோடு தட்டுக்கு மாற்றினால் வடிவம் இழுபடாது.

நட்சத்திரம், மணி, மரம் எல்லாம் கேக் சாமான் கடைகளில் கிடைக்கும். வட்டத்துக்குத் தம்ளர் போதும். கடையில் கிடைக்காத வடிவத்துக்கு அட்டைதான் வழி. கெட்டி அட்டையில் வரைந்து வெட்டி, மாவின் மேல் வைத்துக் கூரான கத்தியால் சுற்றி வாருங்கள். மானாமதுரைப் பக்கம் 1894இல் கட்டிய இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூர்வளைவு வாசல் மறக்காது. அந்த வளைவை மட்டும் அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால் தட்டில் தனியாகத் தெரியும் ஒரு குக்கி கிடைக்கும்.

வெட்டி அடுக்கிய தட்டைப் பத்து நிமிடம் ஃபிரீசரில் வையுங்கள். ஃபிரீசரில் தட்டு நுழையவில்லை என்றால் ஃபிரிட்ஜில் அரை மணி நேரம். இந்தப் படியை மட்டும் விடவே விடாதீர்கள். வெளிச்சூட்டில் மைதா இறுகுவதற்கு முன் உள்ளே வெண்ணெய் உருகினால்தான் குக்கி பரவுகிறது. உறைந்த வெண்ணெய் உருகி முடிப்பதற்குள் ஓரம் நின்றுவிடும். மிச்ச மாவைச் சேர்த்து ஒருமுறை தேய்க்கலாம். இரண்டாம் முறை தேய்த்ததில் வரும் குக்கி கொஞ்சம் கடினம், அதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுடுவது

ஓடிஜியை (மேசையில் வைக்கும் மின் ஓவன்) 170 டிகிரியில், மேலும் கீழும் கம்பி எரிய, பதினைந்து நிமிடம் முன்சூடாக்குங்கள். 28, 30 லிட்டர் ஓடிஜி 1500 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். மிக்ஸி மாட்டும் சின்ன பிளக்கில் மாட்டாமல் 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டுங்கள். குமிழில் 170 என்று வைத்தாலும் உள்ளே 150ஆகவோ 190ஆகவோ இருப்பது வீட்டு ஓவன்களில் சகஜம். உள்ளே வைக்கும் சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் அந்தச் சந்தேகம் தீரும். எந்த மூலை அதிகம் சுடுகிறது என்று தெரிய வேண்டுமா? தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளை அடுக்கிச் சில நிமிடம் வாட்டிப் பாருங்கள். எது முதலில் கறுக்கிறதோ அந்த மூலை. பாதி நேரத்தில் தட்டைத் திருப்பிவிட்டால் சமாளிக்கலாம்.

நடுத்தட்டில் 11 முதல் 13 நிமிடம். மேல்பக்கம் வெளுப்பாகவே இருக்க, ஓரத்தில் மட்டும் பொன்னிறம் லேசாகத் தெரியும்போது எடுத்துவிட வேண்டும். அப்போது தொட்டால் மெத்தென்று இருக்கும். பயந்து திரும்ப உள்ளே வைக்க வேண்டாம். தட்டிலேயே ஐந்து நிமிடம் நின்றால் இறுகும், பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். அடுத்த ஈடு வைப்பதற்குத் தட்டு முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டுத் தட்டில் குளிர்ந்த மாவை வைத்தால் இவ்வளவு நேரம் குளிரவைத்ததற்கு அர்த்தமில்லை. இரண்டு தட்டு இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டலாம்.

ஓவன் இல்லாத வீட்டில் அடிகனமான அகலப் பாத்திரமே போதும். அடியில் கல்லுப்பு இரண்டு சென்டிமீட்டர் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, நடுத்தர தீயில் பத்து நிமிடம் காயவிடுங்கள். பிறகு தீயைக் குறைத்து, தட்டில் ஐந்தாறு குக்கியை வைத்து மூடி 15 முதல் 18 நிமிடம். குக்கரில் செய்தால் கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட வேண்டும். அடிப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சிவக்கும், ருசியில் குறைவிருக்காது.

ஐசிங் போடுவதற்கு முன் குக்கி முழுசாக ஆற வேண்டும், குறைந்தது இரண்டு மணி நேரம். உள்ளே வெதுவெதுப்பு இருந்தாலும் அந்த வெண்ணெய் மேலே ஏறி, வெள்ளை ஐசிங்கில் மஞ்சள் திட்டாகத் தெரியும்.

ஐசிங்

இந்த வேலையின் அழகெல்லாம் இதில்தான். மதுரையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது புது வித்தை இல்லை. மருதாணி கோனைப் பிடித்த கைக்கு ஐசிங் கோன் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். அழுத்தமும் அதேதான், நுனியைத் தரையில் தேய்க்காமல் தூக்கிப் பிடித்து நூலை விழவைக்கும் முறையும் அதேதான்.

பழைய முறையில் பச்சை முட்டை வெள்ளைக்கருவை அடித்துத்தான் ராயல் ஐசிங் செய்தார்கள். வேகாத முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். நம் வெயிலில், பிள்ளைகளும் பெரியவர்களும் நாள்கணக்கில் எடுத்துச் சாப்பிடும் பண்டத்துக்கு அது வேண்டாம். மெரிங் பவுடர் என்று கிருமி நீக்கி உலர்த்திய வெள்ளைக்கருப் பொடி கேக் சாமான் கடைகளில் கேட்டால் கிடைக்கும், ஆன்லைனிலும் வரும். 500 கிராம் ஐசிங் சுகருக்கு மூன்றரை மேசைக்கரண்டி மெரிங் பவுடர், வெதுவெதுப்பான தண்ணீர் 90 மில்லி அளவில். குறைந்த வேகத்தில் ஏழெட்டு நிமிடம் அடித்தால் பளபளப்பு மங்கி, தூக்கினால் நுனி நிற்கும் பதத்துக்கு வரும். பாத்திரத்திலும் கரண்டியிலும் எண்ணெய்ப்பசை துளிகூட இருக்கக் கூடாது, இருந்தால் எழும்பாது.

முட்டை சேராத ஐசிங் வேண்டுமென்றால் 500 கிராம் ஐசிங் சுகரில் லிக்விட் குளுக்கோஸ் 2 மேசைக்கரண்டி போட்டு, காய்ச்சி ஆறிய பாலை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து வாருங்கள். நாலு கரண்டிக்குள் பதம் வந்துவிடும். இது பளபளப்பாகக் காயும், கடித்தால் மெதுவாக இருக்கும். ராயல் ஐசிங் அளவுக்கு இறுகாது, காய ஒரு முழு நாள் பிடிக்கும்.

பதம் இரண்டு. கோடு போட ஒன்று, உள்ளே நிரப்ப ஒன்று. கோட்டுப் பதத்தில் கத்தியால் கிழித்தால் அந்தக் கோடு அப்படியே நிற்க வேண்டும், ஆனால் பிழியும்போது விரல் வலிக்கக் கூடாது. நிரப்பும் பதத்தைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். தண்ணீரைத் தேக்கரண்டியால் ஊற்றாமல் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். ஒரு கரண்டி எடுத்து நாடாவாக விழவிட்டு, மனதுக்குள் எண்ணுங்கள். பத்து வரை தடம் தெரியும். பன்னிரண்டில் மேடு அமுங்கும். பதினைந்தில் மேற்பரப்பு கண்ணாடியாக மூடிக்கொள்ளும். அதுதான் பதம். எட்டு எண்ணுவதற்குள் மூடினால் ஓரம் தாண்டி வழியும், ஐசிங் சுகர் ஒரு கரண்டி சேருங்கள். இருபதுக்கு மேல் போனால் குக்கியின் மேல் அலை அலையாக நிற்கும்.

வண்ணத்துக்கு ஜெல் கலர்தான் சரி. தண்ணீர்க் கலர் பதத்தைக் கெடுக்கும். குச்சி நுனியில் தொட்டுச் சேருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரு மணி நேரம் மூடி வைத்தால் தானாக அடர்த்தியாகும், அதனால் வேண்டியதைவிட ஒரு படி குறைவாகவே கலக்கலாம். வண்ணம் வாங்கும்போது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயையே தடை செய்தார்கள். சீட்டு ஒட்டாத டப்பாவில் சில்லறையாகக் கொடுக்கும் கலர்ப்பொடி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

முதலில் கோட்டுப் பத ஐசிங்கால் ஓரம் கட்டுங்கள், விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி. அது பத்து நிமிடம் நிற்கட்டும். பிறகு நிரப்பும் பதத்தை நடுவில் விட்டு, பல்குச்சியால் மூலைகளுக்குத் தள்ளி, குக்கியை மேசையில் லேசாக ஆட்டினால் சமமாகப் படியும். காற்றுக் குமிழ் தெரிந்தால் உடனே குச்சியால் குத்திவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் குத்தினால் குழி மூடாது.

கோலக்காரர்களுக்கு என் விருப்பமான இரண்டு வடிவம் சொல்கிறேன். ஒன்று, மணி வடிவக் குக்கியில் மல்லிகைச் சரம். அடிப்பூச்சு காய்ந்த பிறகு கோட்டுப் பத வெள்ளையில் மிளகளவு பொட்டு வைத்து, பிழிவதை நிறுத்திவிட்டு நுனியைச் சற்றே இழுத்தால் மொட்டாகக் கூரும். பக்கத்தில் எதிர்ப்பக்கமாக இன்னொன்று. இப்படி ஜோடி ஜோடியாகக் கட்டி, காம்பில் பச்சையில் ஒரு சிறு கோடு. மதுரை மல்லியின் மொட்டு குண்டாக இருக்கும், அதனால் பொட்டைத் தாராளமாகவே வையுங்கள். இன்னொன்று, வட்டக் குக்கியில் புள்ளிக் கோலம். சிவப்பு அடியின் மேல் வெள்ளைப் புள்ளி ஏழு, அதைச் சுற்றி ஒரே நூலாக வளைத்து வரும் சிக்குக் கோடு. கோன் நுனியை மிகச் சின்னதாக வெட்ட வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் கோலமா என்று யாரும் கேட்கப் போவதில்லை. நம் ஊர்க் கோயில் முற்றங்களிலும் பண்டிகைக்கு வண்ணக்கோலம் போடுகிறார்களே.

பிள்ளைகளுக்கு ஈர அடியின் மேல் வேறு வண்ணத்தில் கோடு போட்டுக் குச்சியால் இழுக்கும் வேலையைக் கொடுங்கள். நட்சத்திர விளக்கின் கோடுகள் அப்படியே வந்துவிடும். வெள்ளி மணிகளைச் சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் குக்கியில் வைக்காதீர்கள், பல்லுக்குக் கடினம்.

காய வைப்பது

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விட்டுவிட்டுப் பெய்யும். மழை நாளில் ஐசிங் எட்டு மணி நேரமானாலும் பிசுபிசுக்கும். நிரப்பியதும் மேசை ஃபேனைக் குறைந்த வேகத்தில், நேராக அடிக்காமல் பக்கவாட்டில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். மேல்தோல் சீக்கிரம் பிடித்தால் பளபளப்பு நிற்கும், சின்ன இடங்கள் நடுவில் குழியாமலும் இருக்கும். ஏசி அறை இருந்தால் அங்கே வைப்பது இன்னும் நல்லது. அந்தக் காற்றில் ஈரம் குறைவு. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்கவே கூடாது. வெளியே எடுத்ததும் மேலே நீர் கோத்து, சிவப்பு ஓடி வெள்ளையில் இறங்கிவிடும். சிவப்பு அடியின் மேல் வெள்ளை வேலை செய்ய ஒரு இரவு முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும்.

எறும்புக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். மேசைக் கால்கள் நாலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள், மேசை சுவரைத் தொடாமல் இருக்கட்டும், மேசைவிரிப்பு தரையைத் தொட வேண்டாம். எறும்புச் சாக்பீஸை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

காய்ந்ததா என்று பார்க்க ஓரத்தில் நகத்தால் லேசாகத் தொடுங்கள். தடம் விழாவிட்டால் அடுக்கலாம். எவர்சில்வர் சம்படத்தில் அடுக்குக்கு ஒரு பேக்கிங் பேப்பர் போட்டு, காற்றுப் புகாமல் மூடினால் ஒரு வாரம் மொறுமொறுப்புக் குறையாது. வெளியூருக்குப் பார்சல் அனுப்பும் குக்கியை மட்டும் நெட்டுக்குத்தாக, முதுகோடு முதுகு சேர்த்து அடுக்குங்கள். தட்டையாக அடுக்கினால் பஸ் குலுக்கலில் அடிக்குக்கி உடையும்.

அக்கம்பக்கத்துத் தட்டு

டிசம்பர் என்றால் மார்கழி. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். முட்டை தொடாத வீடுகளும் நம் தெருக்களில் நிறைய. அவர்களுக்குக் கொடுக்கும் குக்கியை முதல் ஈடாகச் செய்துவிடுங்கள், பாத்திரமும் தட்டும் முட்டை படுவதற்கு முன்பே. மாவில் முட்டைக்குப் பதில் பால் சேர்த்தால் மட்டும் போதாது. மெரிங் பவுடரும் முட்டைதான், அதனால் ஐசிங்கும் பால் ஐசிங்காக இருக்க வேண்டும். மேலே தூவும் மணிகளிலும் மிட்டாய்களிலும் சிலவற்றில் ஜெலட்டின் இருக்கும், டப்பாவில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்கள். பால் ஐசிங் காய நேரம் எடுக்கும் என்பதால் இந்த ஈட்டுக்கு 23 காலையிலேயே அடிப்பூச்சு போட்டாக வேண்டும். இவற்றுக்கு மட்டும் ஒரே வடிவமாக, நட்சத்திரம் என்றால் நட்சத்திரமே, வெட்டித் தனிச் சம்படத்தில் வைத்தால் தட்டு மாறாது. கொடுக்கும்போது, ‘அக்கா, இதில் முட்டை கிடையாது, ஐசிங்கிலும் கிடையாது’ என்று வாய்விட்டுச் சொல்லியே கொடுங்கள்.